எக்ஸ்போ, எக்ஸ்எம்பி போட்டதும் டிஸ்ப்ளே போய்விட்டதா? கணினியை மீட்கும் வரிசை

பயாஸுக்குள் (கணினி எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டின் சொந்த மென்பொருள்) போய் எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ ஆன் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்தீர்கள். ராமைப் பெட்டியில் சொன்ன வேகத்துக்கு ஒரே கிளிக்கில் ஏற்றும் ப்ரொஃபைல்கள் இவை; எக்ஸ்எம்பி இன்டெலுடையது, எக்ஸ்போ ஏஎம்டியுடையது. கணினி அணைந்து மறுபடி ஓடத் தொடங்கியது. ஃபேன் சுற்றுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கணினி இதே நிலையில் கிடந்தபோது ஒரு கடையில் "போர்டு போயிருக்கும், மாத்திடலாம்" என்றார்கள். போர்டும் போகவில்லை, ராமும் போகவில்லை. செட்டிங்கை அழித்ததும் டிஸ்ப்ளே வந்துவிட்டது. எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதை ஓரிடத்தில் யாராவது சொல்லியிருந்தால் அத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

ஒன்றை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ராம் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருப்பது ராம் தயாரிப்பாளர் தரும் வாக்கு. அந்த வேகத்தைத் தாங்க வேண்டிய மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருக்கிறது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக் போட்டால் 5200, ரைசன் 9000 வரிசைக்கு 5600. நான்கு ஸ்டிக் போட்டால் இரண்டு வரிசைக்குமே 3600தான். அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்க்ளாக். ஒரே கிளிக்கில் முடிகிற வேலை என்பதால் அது ஓவர்க்ளாக் இல்லை என்று ஆகிவிடாது. நான் பெரும்பாலும் டிடிஆர்5 ராமும் ஏஎம்5 (ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கான சாக்கெட்) போர்டும் உள்ள கணினியை மனதில் வைத்தே சொல்கிறேன். டிடிஆர்4, இன்டெல் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. கை வைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலாவது, பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் குறியாக்கம்) மீட்புச் சாவி. 48 இலக்க எண் அது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால், உங்களிடம் கேட்காமலேயே டிரைவ் குறியாக்கம் ஆகியிருக்க வாய்ப்புண்டு. ஹோம் பதிப்புக்கும் இது பொருந்தும். பயாஸை ரீசெட் செய்தாலோ அப்டேட் செய்தாலோ, விண்டோஸ் நீலத் திரையைக் காட்டி அந்தச் சாவியைக் கேட்டுவிடலாம். சாவி இல்லாவிட்டால் டிரைவில் இருக்கும் படங்களும் வேலைகளும் கைவிட்டுப் போனதுதான். கணினி ஓடாவிட்டாலும் பரவாயில்லை. கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் சாவியைத் தேடி எடுத்து, காகிதத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, மதர்போர்டின் முழுப் பெயர். "பி650" என்பது மட்டும் போதாது. வைஃபை உள்ளதா இல்லாததா, ரிவிஷன் எண் என்ன என்பது வரை வேண்டும். போர்டின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸ் கோப்பைத் தவறான போர்டுக்கு இறக்குவது அடிக்கடி நடக்கிற விபத்து.

மூன்றாவது, ராம் பில்லும் ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணும். இது எதற்கு என்பது கடைசியில் வரும்.

2. காத்திருங்கள், பவர் பட்டனைத் தொடாதீர்கள்

டிடிஆர்5 கணினி முதல் தடவை ஆன் ஆகும்போதும், ராம் வேகத்தை மாற்றிய பிறகும், மெமரி டிரெய்னிங் என்ற வேலை நடக்கும். ஒவ்வொரு சிக்னலும் எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்று மெமரி கன்ட்ரோலர் அளந்து சரிசெய்துகொள்ளும் வேலை இது. அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். கணினி தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எரியவும் செய்யும். 32 ஜிபி ராம் என்றால் ஓரிரு நிமிடத்தில் முடியலாம். 64, 128 என்று போகப் போக ஐந்து, பத்து நிமிடம்கூட ஆகும்.

பலர் இங்கேதான் பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார்கள். டிரெய்னிங் பாதியில் நின்றால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். திரும்பக் கறுப்புத் திரை, திரும்பப் பட்டன். நல்ல நிலையில் இருக்கும் கணினியை இப்படியே "செத்துப்போன" கணினியாக்கிக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

டிடிஆர்4 கணினிக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ஓரிரு நிமிடத்தில் டிஸ்ப்ளே வராவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

சில போர்டுகள் டிரெய்னிங்கில் சில முறை தோற்றதும் தாமாகவே பழைய வேகத்துக்கு இறங்கி, ஓவர்க்ளாக் தோல்வி என்று திரையில் சொல்லும். அப்படி வந்துவிட்டால் நேரே ஆறாம் படிக்குப் போங்கள்.

3. போர்டில் எந்த விளக்கு எரிகிறது?

கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிப் பாருங்கள். இப்போது வரும் பெரும்பாலான போர்டுகளில், வலது மேல் மூலையிலோ 24 பின் பவர் கனெக்டர் பக்கத்திலோ நான்கு சிறு விளக்குகள் இருக்கும். சிபியு, டி-ராம், விஜிஏ, பூட் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். டி-ராம் விளக்கு, பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம், அணையாமல் நின்றால் சிக்கல் ராமில்தான். விஜிஏ விளக்கு நின்றால் கிராஃபிக்ஸ் கார்டையும் கேபிளையும் பாருங்கள். ராமைக் கழற்றிப் பயனில்லை. பூட் விளக்கு நின்றால் ராம் தேறிவிட்டது, எஸ்எஸ்டி கண்ணில் படவில்லை என்று பொருள்.

விளக்கே இல்லாத மலிவு போர்டாக இருந்தால், எக்ஸ்போ போட்ட அடுத்த நொடியே இது நடந்தது என்பதே போதுமான சாட்சி.

4. சிமாஸை அழிப்பது

பயாஸ் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் இடம்தான் சிமாஸ். நீங்கள் போட்ட செட்டிங்கை போர்டு மறக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள். போர்டின் பின்பக்கம் 'கிளியர் சிமாஸ்' பட்டன் இருந்தால் அதுதான் எளிது. இல்லாதவர்களுக்கு ஜம்பர் வழி:

எஸ்எம்பிஎஸ் பின்னாலுள்ள சுவிட்சை அணைத்து, பவர் கேபிளையும் உருவிவிடுங்கள். பிறகு முன்பக்கப் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிகிற அறிகுறியாக ஆர்ஜிபி விளக்குகள் ஒரு கணம் மினுக்கி அணைவதைப் பார்க்கலாம். இனி போர்டின் கீழ் ஓரத்தில் தேடுங்கள். தொப்பி போடாத இரண்டு பின்கள் தனியாக நிற்கும். எம்எஸ்ஐ போர்டில் பக்கத்தில் 'ஜேபிஏடி1' என்றும், ஆசஸில் 'சிஎல்ஆர்டிசி' என்றும், கிகாபைட்டில் 'சிஎல்ஆர் சிமாஸ்' என்றும் எழுதியிருக்கும். பின்கள் அரிசியளவுதான். எழுத்து அதைவிடப் பொடிசு, டார்ச் அடித்துத்தான் படிக்க முடியும். தட்டை ஸ்குரூடிரைவரின் நுனியை இரண்டு பின்னையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்துப் பத்து நொடி பிடியுங்கள். வேறெதையும் தொட வேண்டாம். யுஎஸ்பி, ஃபேன் பின்களும் அதே ஓரத்தில்தான் இருக்கும். கையேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பெயரை உறுதி செய்த பிறகே நுனியை வையுங்கள்.

பின் கிடைக்கவில்லையா? நாணயம் போன்ற செல்லைக் கழற்றுங்கள். பல போர்டுகளில் அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஸ்லாட்டின் கோடியிலுள்ள கொக்கியை அழுத்தாமல் கார்டை இழுக்காதீர்கள், ஸ்லாட் உடைந்துவிடும். செல்லை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். கணினி நான்கைந்து வருடப் பழசு என்றால் அந்தச் செல்லை இப்போதே மாற்றிவிடுங்கள். சிஆர்2032, 3 வோல்ட், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

எல்லாம் பூட்டி ஆன் செய்தபின் மறுபடி டிரெய்னிங் நடக்கும். மறுபடி அதே பதினைந்து நிமிடம். அழித்தும் வரவில்லை என்று இரண்டாவது நிமிடத்திலேயே முடிவுகட்டிவிடாதீர்கள்.

5. இன்னும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ஸ்டிக்

பவர் கேபிளை உருவிவிட்டு எல்லா ராமையும் கழற்றுங்கள். ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது அது. இரண்டு பக்கமும் கொக்கி உள்ள ஸ்லாட் என்றால் இரண்டும் தானாக மூடும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி இருந்தால் அசையாத பக்கத்தில்தான் ஏமாற்றம் இருக்கும். 'டக்' என்ற சத்தம் கேட்டபின்னும் அந்தப் பக்கத்தைக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ஒரு ஸ்டிக்கில் டிஸ்ப்ளே வந்தால் அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில் போடுங்கள். இரண்டும் தனித்தனியே வேலை செய்தால் ராம் நலம். பிறகு இரண்டையும் ஏ2, பி2, அதாவது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டுவைத்திருந்தால் எக்ஸ்போ ஓடாததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

ஸ்டிக் இரண்டும் நல்லதாக இருந்தும் பி பக்க ஸ்லாட்டுகளில் எதைப் போட்டாலும் வராவிட்டால் கதை வேறு. சாக்கெட்டில் ஏதாவது பின் வளைந்திருக்கலாம், அல்லது கூலரை ஒரு பக்கமாக அதிகம் முறுக்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் பிராசஸரைக் கழற்ற வேண்டாம். இதற்கு மட்டும் கடைக்குப் போவது தகும்.

ராமின் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்க்கச் சொல்லும் வழக்கம் நம்மூரில் உண்டு. புது ராமுக்கு அது தேவையே இல்லை. தேய்த்த தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்து புதுச் சிக்கலைத்தான் தரும். பழைய ஸ்டிக்கில் அழுக்கு இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

6. டிஸ்ப்ளே வந்ததும் உடனே எக்ஸ்போ போடாதீர்கள்

சிமாஸை அழித்ததில் வேறு செட்டிங்குகளும் போயிருக்கும். முன்பு ரெய்டோ இன்டெல் விஎம்டியோ (டிரைவ்களைக் கையாளும் செட்டிங்குகள்) வைத்திருந்தால் அதைத் திரும்பப் போடாமல் விண்டோஸ் டிரைவைக் காணாது. செக்யூர் பூட் அணைந்திருந்தால் சில ஆன்லைன் விளையாட்டுகள் திறக்காது. எஃப்டிபிஎம் (குறியாக்க விசைகளைப் பிராசஸருக்குள் காக்கும் பாதுகாப்பு வசதி) அணைந்திருந்தால் பிட்லாக்கர் சாவி கேட்கும்.

ஏஎம்டி கணினியில் எஃப்டிபிஎம் மாறிவிட்டது, ஒய் (Y) அழுத்தவா என் (N) அழுத்தவா என்று ஆங்கிலத்தில் ஒரு திரை வரலாம். ஒய் கொடுத்தால் பழைய விசைகள் அழிந்துவிடும். மீட்புச் சாவி கையில் இருந்தால் மட்டும் ஒய். இல்லாவிட்டால் என்.

இப்போதைக்கு ராம் தன் இயல்பான ஜெடெக் (ராமுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பு) வேகத்தில், டிடிஆர்5 என்றால் 4800 அல்லது 5600-இல் ஓடட்டும். விண்டோஸ் திறந்ததும் முக்கியமான கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜர் காட்டும் எண்ணில் பாதியைத்தான் சிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டும், 6000 என்றால் 3000. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தரவு போவதால் வரும் கணக்கு அது, பதற வேண்டாம்.

7. பயாஸ் அப்டேட்

ஏஎம்5 தளம் 2022 செப்டம்பரில் வந்தது. தொடக்க கால பயாஸ்களில் ராம் கையாளுதல் மிக மோசம். இன்றும் பலர் போர்டு வாங்கிய நாளில் இருந்த பயாஸோடுதான் இருக்கிறார்கள். பிறகு வந்த அஜெசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) பதிப்புகளில் டிரெய்னிங் நேரமும் உயர்வேக ஆதரவும் வெகுவாகத் தேறியிருக்கின்றன. எக்ஸ்போ ஓடாத கணினியில் அப்டேட் ஒன்றினாலேயே சிக்கல் தீர்வது சகஜம்.

இதைவிட முக்கியமான காரணமும் உண்டு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகியபோது, எக்ஸ்போவுடன் சேர்ந்து ஏறும் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) பெரிதும் பேசப்பட்டது. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது. அதற்கு முந்தைய பயாஸ் உங்களிடம் இருந்தால் எக்ஸ்போவைத் தொடும் முன்பே அப்டேட் செய்துவிடுங்கள். இது வேகத்துக்காக அல்ல, பிராசஸர் பிழைத்திருக்க.

எக்ஸ்போ, எக்ஸ்எம்பி ஆனில் இருக்கும்போது பயாஸ் அப்டேட் செய்யவே கூடாது. தடுமாறும் ராம் வழியாகத்தான் பயாஸ் கோப்பும் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு பிட் புரண்டால் போர்டே எழாமல் போகலாம். முதலில் டிஃபால்ட், பிறகு அப்டேட். 8 ஜிபி பென்டிரைவ் போதும், ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யுங்கள். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் நல்லது.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால், டிஸ்ப்ளே வராத கணினியிலும் அப்டேட் செய்யலாம். ராம், பிராசஸர் எதுவும் வேண்டாம், பவர் இணைப்பு மட்டும் போதும். கோப்பின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்றி, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையிலேயே செருக வேண்டும்.

8. வேகத்தைத் திரும்ப ஏற்றுவது

எக்ஸ்போ ப்ரொஃபைலை ஆன் செய்யுங்கள். ஆனால் வேகத்தை மட்டும் கையால் ஒரு படி குறையுங்கள். 6000 ஓடவில்லை என்றால் 5800, பிறகு 5600. டைமிங்கையும் வோல்டேஜையும் ப்ரொஃபைலில் உள்ளபடியே விடுங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிடிஆர்5-இல் எக்ஸ்போ வோல்டேஜ் பொதுவாக 1.35 அல்லது 1.4, டிடிஆர்4-இல் எக்ஸ்எம்பிக்கு 1.35. இதற்கு மேல் வோல்டேஜை ஏற்றிப் பார்க்கச் சொல்லும் அறிவுரைகள் நிறைய கிடைக்கும். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. 6000-க்கும் 5600-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான வேலைகளில் கண்ணுக்கே தெரியாது.

நான்கு ஸ்டிக் போட்டவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாடலில் இரண்டு கிட் வாங்கிச் சேர்த்தால் அது நான்கு ஸ்டிக் கிட் ஆகாது. இரண்டு ஸ்டிக்காகச் சோதித்து விற்ற ப்ரொஃபைல் நான்கிலும் ஓடும் என்று யாரும் உறுதி தரவில்லை. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குங்கள்.

இன்டெல்காரர்கள் சிப்செட்டைப் பாருங்கள். எச்610 போர்டில் ராம் ஓவர்க்ளாக் கிடையாது. 12-ஆம் தலைமுறையில் 'கே' இல்லாத பிராசஸர்களில் சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலருக்குப் போவது) பூட்டியிருப்பதால், டிடிஆர்4 3600-ஐ கியர் 1-இல் (கன்ட்ரோலரும் ராமும் ஒரே வேகத்தில் ஓடும் முறை) ஓட்டுவது பலருக்குக் கைகூடாது. 3200-க்கு இறங்குங்கள்.

ஏஎம்5-இல் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்றொரு செட்டிங் உண்டு. முன்பு செய்த டிரெய்னிங்கை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் காத்திருக்காமல் சட்டென்று எழ வைக்கும். அதை ஆன் செய்தபின் திடீர் நீலத் திரைகள் வந்தால், பவர் டவுன் என்ற செட்டிங்கும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை அணைத்துவிடுங்கள். ஆன் ஆக நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

9. விண்டோஸ் திறந்துவிட்டது என்பது தேர்ச்சி இல்லை

டிஸ்ப்ளே வராத கணினி ஒரு வகையில் நல்லது, சிக்கலை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. ஆன் ஆகி ஓடிக்கொண்டே, மாதக்கணக்கில் கோப்புகளைக் கெடுக்கும் ராம்தான் ஆபத்து. ஜிப் கோப்பு திறக்காது, விளையாட்டு காரணமில்லாமல் மூடிக்கொள்ளும், விண்டோஸ் அப்டேட் தோற்கும். எல்லாவற்றுக்கும் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்போம். டிடிஆர்5 சிப்புக்குள் பிழைதிருத்தம் இருந்தாலும், சிப்புக்கும் பிராசஸருக்கும் இடையில் நேரும் பிழையை அது பிடிக்காது.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம். பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். 32 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே மணிக்கணக்கில் ஆகலாம். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் தோல்விதான், ஒரு படி இறங்குங்கள். பிறகு விண்டோஸுக்குள் ஓசிசிடி அல்லது டெஸ்ட்மெம்5 ஓட்டுங்கள். கடைசியாகக் கனமான விளையாட்டு ஒன்றை ஓரிரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் சூடு மேலே ஏறி ராமையும் சுட வைக்கும். குளிர்ந்த ராமில் தெரியாத பிழை அப்போது தலைகாட்டும். சித்திரை மாத மதியத்தில் தேறினால் எப்போதும் தேறும்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. காலையில் முதல் தடவை ஆன் ஆகாது, அணைத்துப் போட்டால் வந்துவிடும். டிரெய்னிங் விளிம்பில் தொங்குகிறது என்று அர்த்தம். பழகிக்கொள்ளாமல் வேகத்தைக் குறையுங்கள்.

இவ்வளவும் முடிந்து நிலையான வேகம் கிடைத்தபின், விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். தடுமாறிய நாட்களில் கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகளை அது மீட்டுத்தரும்.

10. செலவும் வாரண்டியும்

மேலே சொன்னவற்றில் காசு கேட்பவை செல்லும் பென்டிரைவும் மட்டுமே. நேரம்தான் பெரிய செலவு. மீட்க ஒரு மாலை, சோதனைக்கு ஓரிரு இரவுகள். கடைக்குக் கொண்டுபோவதானால் "சிமாஸ் கிளியர் செய்து, ஒரு ஸ்டிக் மட்டும் போட்டுப் பார்த்தீர்களா" என்று முதலில் கேளுங்கள். அதைச் செய்யாமல் போர்டை மாற்றச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். 2025 பிற்பாதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கும் நிலையில், மாற்றிப் பார்ப்போம் என்று புது ராம் வாங்குவதும் வீண்.

ஜெடெக் வேகத்திலேயே மெம்டெஸ்ட் பிழை காட்டினால் ராம் உண்மையாகவே பழுது. பெரிய பிராண்டுகள் பலவும் ராமுக்கு லைஃப்டைம் வாரண்டி தருகின்றன. பில் இல்லாவிட்டால் பேச்சு நீளும். கிட்டில் ஒன்றுதான் பழுது என்றாலும் இரண்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள், அதுவரை கணினியை ஓட்ட இரவல் ஸ்டிக் ஒன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது "எக்ஸ்போவில் ஓடவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். டிஃபால்ட் வேகத்தில் வந்த பிழைத் திரையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பிராசஸர் பக்கம் நிலைமை கடினம். எக்ஸ்போ உட்பட ஓவர்க்ளாக்கினால் நேரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று ஏஎம்டி எழுத்திலேயே வைத்திருக்கிறது, இன்டெலின் நிபந்தனைகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

அனுப்பும் முன் ஸ்டிக்கர் தெரியும்படி இரண்டு ஸ்டிக்கின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டியும் அதோடு போய்விடும்.